கோட்டுப் பையிலிருந்து விழுந்த பாக்கெட்

கேள்வி: நாங்கள் நியூ ஜெர்சியில் இருக்கிறோம். பையனுக்கு 13 வயது, பெண்ணுக்கு 9. சனிக்கிழமை ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் குடும்பமாக உட்கார்ந்து பழைய அமெரிக்கத் தொடர் ஏதாவது பார்ப்போம். போன வாரம் 'தி பிரேடி பஞ்ச்' தொடரில், மூத்த பையன் கிரெக் நண்பர்களோடு சேர்ந்து சிகரெட் பிடித்து மாட்டிக்கொள்ளும் கதை. பார்த்து முடித்ததும் வீட்டில் ஒரே விவாதம். "ஒரு இழுப்புக்கு இத்தனை பஞ்சாயத்தா? சுகாதாரத் துறை விளம்பரம் மாதிரி இருக்கு" என்றார் என் வீட்டுக்காரர். கரூரிலிருந்து வந்திருக்கும் மாமியார், "முதல் நாளே ஒரு அறை விட்டிருந்தா அன்னிக்கே முடிஞ்சிருக்கும்" என்றார். "யாரும் இப்படிக் கையில குடுத்துப் பிடின்னு சொல்ல மாட்டாங்கம்மா. அப்புறம், கோட் மாறிப்போச்சுன்னு சொன்னா யாராவது நம்புவாங்களா?" என்றான் பையன். பெண்ணுக்கு, தங்கச்சிகள் ஏன் அண்ணனைப் போட்டுக்கொடுத்தார்கள் என்று கோபம்.

நான் வாயைத் திறக்கவில்லை. மூன்று வாரத்துக்கு முன்னால் துணி துவைக்கப் போடும்போது பையனுடைய ஹூடி பாக்கெட்டில் ஹைலைட்டர் பேனா போல ஒன்று இருந்தது. மோந்து பார்த்தேன், மாம்பழ வாசனை. வேப், அதாவது எலக்ட்ரானிக் சிகரெட் என்று கூகுளில் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். "என்னுது இல்ல, ஃப்ரெண்ட் வச்சிருக்கச் சொன்னான்" என்றான். நான் நம்பவில்லை. கத்தினேன், போனைப் பிடுங்கி வைத்துவிட்டேன். இன்னும் கொடுக்கவில்லை. இவரிடம் சொல்லவும் இல்லை. அன்று டிவியில் அந்த சிகரெட் பாக்கெட் கோட்டிலிருந்து கீழே விழுந்த நேரம், பையன் எழுந்து தண்ணீர் குடிக்கப் போய்விட்டான். எங்களில் யார் சொல்வது சரி? அவனை நான் நம்பலாமா?

பெயர் வேண்டாம், நியூ ஜெர்சி

பதில்: அன்புள்ள சகோதரி, உங்கள் கடிதத்தில் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. முதலாவது டிவியைப் பற்றியது. இரண்டாவதை எழுத உங்களுக்கு மூன்று வாரம் ஆகியிருக்கிறது. முதல் கேள்வியின் வழியாகவே இரண்டாவதற்கு வருகிறேன். உங்கள் வீட்டு ஹாலில் அன்று பேசிய நான்கு பேரும் சரியாக ஆளுக்குக் கொஞ்சம் சொல்லியிருக்கிறார்கள்.

பார்க்காதவர்களுக்காகக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தன்னைவிடப் பெரிய பையன்களின் இசைக்குழுவில் சேர கிரெக்குக்கு ஆசை. அந்தக் கூட்டத்தில் டாமி என்பவன் சிகரெட்டை நீட்டுகிறான், கிரெக் ஒரு இழுப்பு இழுக்கிறான். தங்கைகள் பார்த்துவிட, விஷயம் வீட்டுக்கு வந்துவிடுகிறது. கிரெக் ஒப்புக்கொள்கிறான். அப்பா அம்மா அடிக்கவில்லை, பேசி விட்டுவிடுகிறார்கள். இதோடு முடிந்திருந்தால் அது சாதாரணக் கதை. அடுத்து டாமியின் அம்மா வருகிறார். அவர் புகைபிடிப்பதற்கு எதிரான குழு ஒன்றை நடத்துபவர். அவர் கண் முன்னாலேயே கிரெக்கின் கோட்டிலிருந்து ஒரு சிகரெட் பாக்கெட் கீழே விழுகிறது. "என்னுடையது இல்லை" என்கிறான் கிரெக். கடைசியில்தான் தெரிகிறது, அது டாமியின் கோட். ஒரே மாதிரி இருந்ததால் மாறிவிட்டது.

உங்கள் வீட்டுக்காரர் இதை விளம்பரம் மாதிரி என்றாரே, அதிலிருந்து தொடங்குகிறேன். இந்தப் பகுதி ஏபிசி சேனலில் ஒளிபரப்பானது 1971 ஜனவரி 8, வெள்ளிக்கிழமை இரவு. அதற்குச் சரியாக ஆறு நாள் முன்னால், ஜனவரி 2 முதல், அமெரிக்க டிவியிலும் ரேடியோவிலும் சிகரெட் விளம்பரம் சட்டப்படி நின்றுபோயிருந்தது. கடைசி விளம்பரம் ஜனவரி 1 நள்ளிரவுக்கு ஒரு நிமிஷம் முன்னால் போனது. புகைபிடித்தால் நுரையீரல் புற்றுநோய் வரும் என்று அரசாங்கத்தின் தலைமை மருத்துவ அதிகாரி அறிக்கை வெளியிட்டது 1964-ல். ஆனாலும் அந்த சமயத்தில் பெரியவர்களில் பத்துக்கு நாலு பேர் புகைத்துக்கொண்டுதான் இருந்தார்கள். இதே ஏபிசியில் 1960-ல் தொடங்கிய 'ஃபிளின்ட்ஸ்டோன்ஸ்' கார்ட்டூன் குடும்பத்துக்கு சிகரெட் கம்பெனிதான் ஸ்பான்சர். கார்ட்டூன் ஃப்ரெட்டும் பார்னியும் வின்ஸ்டன் சிகரெட்டைப் பற்றவைத்துப் புகழ்வார்கள். அப்படி ஒரு பத்து வருஷத்துக்குப் பிறகு, அதே சேனலில் ஒரு நகைச்சுவைக் குடும்பம் ஒரே ஒரு இழுப்பைப் பெரிய விஷயமாக எடுத்துக்கொண்டது. இன்று பார்க்கும்போது அது உபதேசம் போலத் தெரியலாம். அன்று வீட்டுக்கு வீடு ஆஷ்ட்ரே இருந்தது. அந்த வீடுகளின் பிள்ளைகள் பார்த்த கதை இது. அதனால் இந்தப் பகுதியை விளம்பரம் என்று ஒதுக்க எனக்கு மனசு வரவில்லை.

ஆனால் அவர் எரிச்சல்படுவதற்கும் காரணம் இருக்கிறது. சிகரெட்டை நீட்டும் காட்சி எனக்கும் பலவீனமாகத்தான் படுகிறது. நல்ல பையன், கெட்ட சகவாசம், ஒரு நீட்டல், ஒரு தடுமாற்றம், அவ்வளவுதான். அந்தக் கால அமெரிக்கத் தொடர்கள் பலவும் இதையே திரும்பத் திரும்பச் செய்தன. 1983-ல் அதிபர் ரீகனின் மனைவி நான்சி ரீகனே ஒரு குடும்பத் தொடரில் நேரில் தோன்றிப் பிள்ளைகளிடம் போதைப்பொருளைப் பற்றிப் பேசினார். 'வேண்டாம் என்று மட்டும் சொல்' என்பதுதான் அப்போது முழக்கம். அதே வருஷம் லாஸ் ஏஞ்சலிஸில் போலீஸ்காரர்களே வகுப்பறைக்கு வந்து பாடம் நடத்தும் 'டேர்' திட்டமும் தொடங்கியது, நாடு முழுக்கப் பரவியது. பின்னால் ஆராய்ந்து பார்த்தபோது, அந்தப் பாடம் படித்த பிள்ளைகளுக்கும் படிக்காதவர்களுக்கும் பழக்கத்தில் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. வேண்டாம் என்று சொல்லத் தெரியாமல் எந்தப் பிள்ளையும் மாட்டுவதில்லை. சொன்னபிறகு மத்தியானம் யாரோடு உட்கார்ந்து சாப்பிடுவது என்பதுதான் அதன் கவலை.

இதைத்தான் உங்கள் பையன் ஒரே வரியில் சொல்லிவிட்டான். யாரும் கையில் கொடுத்துப் பிடி என்று சொல்வதில்லை. நூற்றுக்கு நூறு சரி. ஃபிலடெல்ஃபியாவில் உள்ள டெம்பிள் பல்கலைக்கழகத்தின் ஆய்வு ஒன்று 2011-ல் வெளியானது. கார் ஓட்டும் கம்ப்யூட்டர் விளையாட்டு, மஞ்சள் விளக்கு விழும்போது நிறுத்துவதா போவதா என்று முடிவெடுக்க வேண்டும். தனியாக ஆடும்போது பதின்ம வயதினரும் பெரியவர்களும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் ஆடினார்கள். நண்பர்கள் பக்கத்து அறையிலிருந்து திரையில் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்று தெரிந்ததும், பிள்ளைகள் மட்டும் கூடுதலாக ஆபத்தில் இறங்கினார்கள். ஆசையைத் தூண்டும் மூளைப் பகுதிகள் அந்த நேரத்தில் அதிகமாக வேலை செய்தன. நண்பன் அறைக்குள்கூட இல்லை என்பதைக் கவனியுங்கள். "போடா, பயந்தாங்கொள்ளி" என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. அவன் பார்க்கிறான் என்ற நினைப்பே போதும். சேர்க்கை சரியில்லை என்று நாம் பிள்ளைகளைத் திட்டும்போது, யாரோ ஒருவன் பிடித்து இழுத்ததாக நினைத்துக்கொள்கிறோம். பெரும்பாலும் இழுப்பது பிள்ளைக்குள்ளேயே இருக்கும் ஆசைதான். கிரெக்குக்கும் சிகரெட்டில் ஆசை இல்லை, பாட்டுக் குழுவில் ஓர் இடம்தான் வேண்டியிருந்தது.

அடுத்து உங்கள் மாமியார். பாவம், அவரைக் குறை சொல்லாதீர்கள். ஒரு அறையில் திருந்தியவர்களை அவர் நிஜமாகவே பார்த்திருப்பார். ஆனால் ஒரு அறையில் பொய் சொல்லக் கற்றுக்கொண்டவர்களை அவர் பார்த்திருக்க வழியில்லை. அவர்கள் மாட்டவே மாட்டார்களே. ஸ்வீடனில் இரண்டு உளவியல் ஆய்வாளர்கள் 14 வயதுப் பிள்ளைகளையும் அவர்களுடைய பெற்றோரையும் விசாரித்து 2000-ல் ஒரு கட்டுரை எழுதினார்கள். வெளியில் பிள்ளை என்ன செய்கிறது என்று தெரிந்துவைத்திருக்கும் பெற்றோரின் பிள்ளைகள் குறைவாகத்தான் வழி தவறுகிறார்கள் என்பது முன்பே தெரிந்த விஷயம். அப்படியென்றால் கண்கொத்திப் பாம்பாகக் கண்காணித்தால் போதும் என்று எல்லாரும் முடிவுகட்டியிருந்தார்கள். இவர்கள் ஒரு படி கூடப் போய், அந்தப் பெற்றோருக்கு விஷயம் எப்படித் தெரிந்தது என்று கேட்டார்கள். கண்காணித்தோ கேள்வி கேட்டோ தெரிந்துகொண்டது கொஞ்சம்தான். பெரும்பகுதி பிள்ளைகளே வந்து சொன்னது.

என்னிடம் வரும் பிள்ளைகளிடமும் இதையே பார்க்கிறேன். ஒரு பையன் (அடையாளம் தெரியாதபடி மாற்றிச் சொல்கிறேன்) நாற்காலியின் கைப்பிடியில் உரிந்திருந்த ரெக்சினை நகத்தால் நோண்டிக்கொண்டே சொன்னான்: "முதல் தடவை நானா போய்ச் சொன்னேன் ஆன்ட்டி. ரெண்டு மாசம் போன் இல்ல, ஃபுட்பால் இல்ல. என்கூட இருந்தவன் சொல்லல. அவனுக்கு ஒண்ணும் ஆகல. அடுத்த தடவை நானும் சொல்லல." அவன் அம்மா பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். அவர் முகம் மாறியதை இன்னும் என்னால் மறக்க முடியவில்லை. கிரெக்கின் பெற்றோர் முதல் தடவை கையை ஓங்காமல் பேசியது இளக்காரம் கொடுத்ததாகாது. அடுத்த தடவையும் அவன் வந்து சொல்ல அவர்கள் கதவைத் திறந்து வைத்தார்கள். தண்டனையே கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. ஒப்புக்கொண்டதற்கும் மாட்டிக்கொண்டதற்கும் ஒரே தண்டனை என்றால், உண்மை பேசுவதால் தனக்கு என்ன லாபம் என்று பிள்ளை கணக்குப் போடத்தானே செய்யும்?

உங்கள் பெண்ணின் கோபமும் நியாயமானது. போட்டுக்கொடுப்பவர்களை யாருக்கும் பிடிக்காது. அவளிடம் இப்படிச் சொல்லிப் பாருங்கள்: அண்ணன் மாட்ட வேண்டும் என்று சொன்னால் அது போட்டுக்கொடுப்பது, அண்ணனுக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று பயந்து சொன்னால் அது வேறு. ஒன்பது வயசில் இது நன்றாகவே புரியும். இன்னொன்று, முதலில் அண்ணனிடமே நேராகப் போய்க் கேட்கலாம் என்றும் சொல்லுங்கள். உங்கள் வீட்டில் அவளுக்கு ஏதாவது தெரிந்திருக்குமோ என்று துருவாதீர்கள். அவளை உளவாளி ஆக்கினால் அண்ணனையும் தங்கையையும் சேர்த்து இழக்க வேண்டிவரும்.

சரி, ஹூடிக்கு வருகிறேன்.

உங்கள் பையன் சொன்ன இரண்டாவது வரியைத் திரும்பப் படித்துப் பாருங்கள். "கோட் மாறிப்போச்சுன்னு சொன்னா யாராவது நம்புவாங்களா?" நீங்கள் அதைத் தொடரைப் பற்றிய விமர்சனமாக எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அது உங்களிடம் கேட்ட கேள்வியாகப் படுகிறது. தண்ணீர் குடிக்க எழுந்து போனவன், திரும்பி வந்து உட்கார்ந்து அதைக் கேட்டிருக்கிறான்.

அவன் சொன்னது உண்மையா என்று இங்கிருந்து என்னால் சொல்ல முடியாது. நண்பனுடையதை வைத்திருக்கலாம். பள்ளியில் சோதனை வரும் என்று பயந்து, மாட்டாத பையனாகப் பார்த்துக் கையில் திணிப்பது நடக்கிற விஷயம்தான். அவனுடையதாகவும் இருக்கலாம். இரண்டுக்கும் நடுவில், நண்பனுடையதுதான், ஆனால் இவனும் ஒரு தரம் இழுத்துப் பார்த்தான் என்பதும் உண்டு. 'பிரேடி பஞ்ச்' கதையில் எனக்குள்ள பெரிய குறையே இதுதான். கோட்டின் சொந்தக்காரன் யார் என்று தெரிந்து, எல்லாரும் நிம்மதியாகிவிடுகிறார்கள். நம்ப வேண்டிய கஷ்டம் பெற்றோரின் தலையிலிருந்து இறங்கிவிடுகிறது. நிஜ வீட்டில் எந்த டாமியும் வந்து "அது என்னுடையது ஆன்ட்டி" என்று சொல்லப் போவதில்லை. சாட்சி இல்லாமலேயே நீங்கள் ஒரு முடிவுக்கு வர வேண்டும்.

என் யோசனை: யாருடையது என்ற விசாரணையை விட்டுவிடுங்கள். அதில் நீங்கள் ஜெயித்தாலும் பிரயோஜனம் இல்லை. உட்கார வைத்து எதிரில் நின்று பேசாதீர்கள், காரில் போகும்போது பேசுங்கள். இருவரும் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தால் பேச்சு தானாக வரும். "அன்னிக்கு நீ சொன்னதை முழுசா கேக்காம நான் கத்திட்டேன். அது தப்பு. எனக்கு பயம், அதான் கத்தினேன். யாரோடதுன்னு நான் கேக்கப்போறதில்ல. நீ இழுத்துப் பாத்திருந்தாலும் சொல்லலாம், அதுக்காக இன்னொரு தண்டனை கிடையாது." இந்த அளவுக்குச் சொல்லிவிட்டு நிறுத்திவிடுங்கள். அவன் உடனே பதில் சொல்லமாட்டான். ரேடியோவைச் சத்தமாக வைப்பான். வைக்கட்டும். அன்று ராத்திரியே போனைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். மூன்று வாரம் தாராளம். நீங்கள் சொன்னது வெறும் பேச்சில்லை என்று அதில்தான் அவனுக்குத் தெரியும்.

நம்புவது என்றால் கண்ணை மூடிக்கொள்வது என்று அர்த்தம் இல்லை. காரணமில்லாத எரிச்சல், தூக்கம் கெடுவது, அடிக்கடி பாத்ரூமில் போய் நிற்பது, வறட்டு இருமல், இந்த வயசுக்கு இதெல்லாம் சகஜம்தான். ஆனால் ஒன்றாகச் சேர்ந்து வந்தால் கவனியுங்கள். நிக்கோடின் இந்த வயதில் சீக்கிரம் பிடித்துக்கொள்ளும், மூளை வளர்ச்சி 25 வயது வரை நடக்கிறது. குழந்தை மருத்துவரிடம் அடுத்த செக்கப் போகும்போது கொஞ்ச நேரம் நீங்கள் வெளியில் உட்காருங்கள். அங்கே பல மருத்துவர்கள் இந்த வயதுப் பிள்ளைகளிடம் தனியாகப் பேசுவார்கள். உங்களிடம் சொல்லாததை அவரிடம் சொல்ல வாய்ப்பு இருக்கிறது.

பேச்சு ஓரளவு சகஜமானதும் அவனுக்கு இரண்டு விஷயம் தெரியப்படுத்துங்கள். ஒன்று, எல்லாரும் செய்கிறார்கள் என்பது நிஜமில்லை. 2019-ல் அமெரிக்க உயர்நிலைப் பள்ளி மாணவர்களில் 27.5 சதவீதம் பேர் வேப் பிடிப்பதாகச் சொன்னார்கள். 2024 கணக்கெடுப்பில் அது 7.8 ஆகக் குறைந்துவிட்டது. பத்தில் ஒன்பது பேருக்கு மேல் பிடிப்பதில்லை. பிடிப்பவர்கள் கண்ணில் படுகிறார்கள், பிடிக்காதவர்கள் படுவதில்லை.

இன்னொன்றுதான் எனக்கு முக்கியம். 1950-களில் சாலமன் ஆஷ் என்ற உளவியலாளர் கோடுகளை வைத்து ஒரு சோதனை நடத்தினார். எந்தக் கோடு எதற்குச் சமம் என்று சொல்ல வேண்டும், கண்ணுக்குப் பளிச்சென்று தெரியும் கேள்வி. அறையில் இருந்த மற்ற எல்லாரும் முன்பே பேசி வைத்தபடி தப்பாகவே சொல்வார்கள். இது தெரியாமல் சோதனைக்கு வந்தவர் ஒருவர்தான். அப்படி வந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் ஒரு தடவையாவது கூட்டத்தோடு சேர்ந்து தப்பான பதிலைச் சொன்னார்கள். கூட்டத்தில் ஒரே ஒருவர் சரியான பதிலைச் சொன்னபோது, இவர்களும் பெரும்பாலும் தைரியமாகச் சரியானதையே சொன்னார்கள். ஒரு துணை போதும். அதனால் அவனுடைய கூட்டாளிகள் எல்லாரையும் மாற்ற முயலாதீர்கள், முடியவும் முடியாது. வேண்டாம் என்பவன் அந்தக் கூட்டத்தில் ஒருவன் இருப்பான். யார் என்று அவனிடம் சாதாரணமாகக் கேளுங்கள், அந்தப் பையனை வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிடுங்கள். தோசை ஊற்றிக் கொடுங்கள்.

முகம் கெடாமல் நழுவுவதற்கு அவனுக்குச் சாக்கும் வேண்டும். "எங்கம்மா துணிய மோந்து பாப்பாங்கடா" என்று உங்கள் மேல் பழியைப் போடச் சொல்லுங்கள். உண்மைதானே! எங்காவது மாட்டிக்கொண்டால் உங்களுக்கு ஒரே ஓர் எழுத்தை மெசேஜ் அனுப்பட்டும். நீங்கள் உடனே போன் செய்து, "பாட்டிக்கு உடம்பு சரியில்ல, கிளம்பு" என்று அவன் நண்பர்களுக்குக் கேட்கிற மாதிரி சத்தம் போட்டு அழைத்து வந்துவிடுங்கள். வரும் வழியில் கேள்வி கேட்கக்கூடாது, இது ஒப்பந்தம். மாமியாருக்கு இதில் ஒரு வேலை கிடைக்கிறது. அவர் சந்தோஷமாகவே ஒப்புக்கொள்வார் என்று நினைக்கிறேன்.

வீட்டுக்காரரிடம் சொல்லாமல் இருப்பதை இந்த வாரமே முடித்துக்கொள்ளுங்கள். ஆனால் சொல்லப்போகிறீர்கள் என்று பையனிடம் முதலில் சொல்லிவிடுங்கள். அப்பாவுக்கு இது தெரிந்திருக்குமோ என்று அவன் தினமும் சந்தேகப்படுவது நல்லதில்லை. அந்த நண்பனின் அம்மாவை மட்டும் இப்போது அழைக்க வேண்டாம். அழைத்தால், உங்கள் பையன் சொன்னது உண்மையாக இருந்திருந்தாலும், அதுவே அவன் உங்களிடம் கடைசியாகச் சொன்ன உண்மையாகிவிடும்.

அந்தப் பொருள் இன்னும் உங்கள் அலமாரியில் இருக்கும் என்று நினைக்கிறேன். சமையலறைக் குப்பையில் போடாதீர்கள், உள்ளே லித்தியம் பேட்டரி இருக்கிறது, தீப்பிடிக்கும். உங்கள் கவுண்டியில் அபாயகரமான வீட்டுக் கழிவுகளை வாங்கிக்கொள்ளும் நாள் எது என்று பார்த்து அங்கே கொடுத்துவிடுங்கள். முடிந்தால் அவனையும் கூட அழைத்துப் போங்கள். கார் பயணம் அப்படியே அமையும்.

சனிக்கிழமைத் தொடர் நடக்கட்டும், நிறுத்திவிடாதீர்கள். ஆனால் இந்தப் பகுதியைப் பாடம் நடத்துவதற்காக மறுபடி போட வேண்டாம். அவனாகக் கேட்டால் போடுங்கள். பாக்கெட் விழும் இடத்தில் அவன் எழுந்து போகிறானா, உட்கார்ந்திருக்கிறானா என்று மட்டும் எனக்கு எழுதுங்கள்.